உடன் வருபவர்

கோயம்புத்தூர்,
7 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பானு எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் போடுகிறீர்களா, இல்லை போன தடவை மாதிரி டப்பாவை அழகு பார்க்கிறீர்களா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போன் போட்டால் நான் ஒன்று கேட்க நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். பிடிக்காத கேள்வி வந்தால், "கேக்கல தாயி, லைன் சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். வாங்கிக் கொடுத்த காது மிஷினோ பீரோவுக்குள் உறங்குகிறது. காகிதத்துக்கு லைன் கோளாறு கிடையாது. பதிலும் காகிதத்தில்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். டிசம்பர் ஒன்றாம் தேதி, கார்த்திகை அமாவாசையன்று அம்மாவுக்குத் தலைத்திவசம். அம்மாவோடு வேலை பார்த்த நர்சுகள் எல்லோரும் வருகிறார்களாம். சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்கலாம், மகள்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். சரி என்றுவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. தம்பி ஹரி போன நாளிலிருந்து நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. விடுதியிலிருந்து என்னைக் கூட்டி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சும்மா காய்ச்சல்னு நெனச்சிட்டேன் பானு. பிரசவம் பாக்கப் போயிட்டேன்." ஆறு வயதுப் பிள்ளையைக் காய்ச்சலில் போட்டுவிட்டு ஊரார் வீட்டுப் பிரசவத்துக்குப் போனவள். பன்னிரண்டு வருடமாக எனக்கு அம்மா என்றால் அதுதான். அதை மலரில் எழுத முடியுமா?

அவளைப் பற்றி நீங்கள் எழுதுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். வீட்டில் இருந்தது நீங்கள்தான்.

அன்பு மகள்,
பானு

*

கோவில்பட்டி,
19 ஜூலை 2024

அன்பு மகள் பானுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே உன் நலமும், மாப்பிள்ளை கார்த்திகேசன், பேரன் முத்துசெல்வம், சம்பந்தியம்மா எல்லோர் நலமும் அறிய ஆவல். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன்.

உன் அம்மாவைப் பற்றி எழுத ஒரு பேனா போதாது. நான் கட்டும்போதே அவள் புளியங்கரிசல் சப்சென்டரில் நர்சு. நான் தீப்பெட்டி ஆபீசில் ஃபோர்மேன். நூறு பேரை மேய்க்கிறவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கல்யாணம் முடிந்து ஊருக்குள் போனால் எனக்குப் பெயரே கிடையாது, "நர்சம்மா வீட்டுக்காரர்" என்றுதான் கூப்பிட்டார்கள். சப்சென்டரிலேயே குடியிருப்பு. முன்னறையில் தராசும் ஊசியும், பின்னறையில் நம் அடுப்பு. பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பால் பொங்கி வழியும். அவள் அந்தப் பக்கம் ஓடிவிடுவாள். நான் வாசலில் நின்று முணுமுணுப்பேன்.

ஐப்பசி மழையில் கரிசலில் நடந்திருக்கிறாயே, ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மண் காலோடு வரும். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊசிமருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். அவளைக் கண்டதும் பிள்ளைகள் பருத்திக் காட்டுக்குள் ஓடி ஒளியும். "ஏலே, ஊசி போடாதவனுக்கு மீசை மொளைக்காதுலே, பாத்துக்கோ" என்பாள். ஒவ்வொன்றாக வெளியே வரும். காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய் மட்டும் அவள் கையில் சிக்கினால் தொலைந்தாள். நாறக் கிழித்துவிடுவாள். அப்புறம் அவளே அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

வீட்டில் அவள் சமையல் சுமார்தான், அதை மலரில் எழுத வேண்டாம். உனக்குத் தலை பின்னுவது மட்டும் எவ்வளவு அவசரமானாலும் அவள்தான். உங்கள் இரண்டு பேரையும் பிறந்தநாளன்று தராசில் நிறுத்து எடையைக் கதவுக்குப் பின்னால் எழுதி வைப்பாள்.

2012 கடைசியில் கோவில்பட்டிக்கு வீடு மாறினோம். அவள் அங்கிருந்தே தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். போன டிசம்பரில் தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

இங்கே இன்னும் மழை இல்லை. பேரனுக்கு முத்தங்கள்.

அன்புள்ள அப்பா,
மாயகிருஷ்ணன்

*

கோயம்புத்தூர்,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் நாடுகிறேன்.

கடிதம் கிடைத்தது. மீசை விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு திரும்பப் படித்தேன். அன்றைய நாளை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வீடு மாறியதை எழுதியிருக்கிறீர்கள். ஏன் மாறினோம் என்பது இல்லை. ஹரியின் பெயரே இல்லை.

காரியம் முடிந்து வரும்போது அம்மாவின் கறுப்புப் பையை நான் எடுத்து வந்தேன், நினைவிருக்கிறதா? திறக்க மனம் வராமல் அலமாரிக்கு மேல் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். டைரிகள், கத்தரிக்கோல், தொப்புள் கொடியில் கட்டும் நூல். 2012 டைரிக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு. ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பும்போது நர்சுகள் எழுதிக் கொடுப்பார்களே, அந்தச் சீட்டு. அம்மா கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"7.11.2012, காலை 8.10. பெயர் ஹரிஹரசுதன். வயது 6. மூன்று நாள் காய்ச்சல். இன்று காலை வயிற்றிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள். அம்மை அல்ல. டெங்கு என்று சந்தேகம். உடனே சேர்த்து ரத்தம் பார்க்கவும். உடன் வருபவர்: தகப்பனார்."

சும்மா காய்ச்சல் என்று நினைத்தவள் இப்படி எழுதுவாளா அப்பா? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அந்தச் சீட்டு ஆஸ்பத்திரி முத்திரை ஒன்றும் இல்லாமல் அவள் டைரிக்குள் எப்படித் திரும்பி வந்தது?

உடன் வருபவர் தகப்பனார் என்று இருக்கிறது. நீங்கள் போனீர்களா?

பானு

*

கோவில்பட்டி,
9 செப்டம்பர் 2024

அன்பு மகள் பானுவுக்கு அப்பா எழுதுவது. நலம். நலமறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் போடுகிற வைத்தியர் ஊரில் இல்லை. அதோடு தபால்காரர் வேறு மாறிவிட்டார், புது ஆளுக்குத் தெரு பிடிபடவில்லை. நம் தெரு சொர்ணத்தாய் மகள் விஜிக்குக் கடம்பூர் ஸ்டேஷன் பக்கம் வேலை. அவளிடம் சொல்லி போளி வாங்கித் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். பேரனுக்குத் தேங்காய்ப் போளிதான் பிடிக்கும் என்று தெரியும், சம்பந்தியம்மாவுக்குப் பருப்புப் போளி. இங்கே ஒரு மழை பெய்து உளுந்து விதைத்திருக்கிறார்கள். இன்னொரு மழை பெய்தால் தேவலை.

சீட்டு பற்றிக் கேட்டிருந்தாய். பழைய காகிதம். அன்றைக்கு மழை, பஸ் ஓடவில்லை என்று ஞாபகம். வயசாகிவிட்டது, எல்லாம் கலங்கலாக இருக்கிறது. போனவர்களை நல்லபடியாக வழியனுப்ப வேண்டும், அதைப் பார்ப்போம். அய்யரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

அன்புள்ள அப்பா

*

கோயம்புத்தூர்,
15 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு,

போளி வந்தது. அத்தைக்குப் பிடித்திருந்தது. நான் தொடவில்லை.

கேட்கிறவள் கேனச்சியாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுமாம். அன்றைக்கு அம்மா பிரசவம் பார்த்தது முப்பிடாதிக்கு, ஆட்டுக்கிடை போட்டிருந்த காட்டில். அவர் நம்பரை ஒரு நர்சம்மா கொடுத்தார். பேசினேன். எடுத்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். நான் பஸ்ஸைப் பற்றி மட்டும் கேட்டேன். ஆம்புலன்ஸ்தான் காட்டுப் பாதையில் சேற்றில் மாட்டியதாம். தார் ரோட்டில் பஸ் ஓடியிருக்கிறது. "ஒம்பதரை பஸ்லதான் எங்க கொழுந்தனாரு கோவில்பட்டிக்கு ரத்தம் குடுக்கப் போனாவ" என்றார்.

ஒன்பதரை பஸ் நம் வாசலில்தானே நிற்கும்?

நீங்கள் உண்மையை எழுதும்வரை நான் மலரில் ஒரு வரி எழுத மாட்டேன். தலைத்திவசத்துக்கும் வர மாட்டேன். பிண்டம் வைக்க நீங்கள் இருக்கிறீர்கள், சாப்பிட ஊர் இருக்கிறது. மகள் எங்கே என்று கேட்டால் லைன் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பானு

*

கோவில்பட்டி,
30 செப்டம்பர் 2024

அன்பு மகள் பானுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ கேட்பதில் தப்பில்லை. பெற்ற மகள் வராமல் தலைத்திவசம் என்றால் அவள் ஆத்மா என் கைச்சோற்றை வாங்காது.

ஆனால் நான் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். தலையில் கை வைத்து வாங்கியது அவள்தான். யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாகப் பானுவிடம் என்றாள். அவள் இருக்கும்வரை காப்பாற்றிவிட்டேன், இப்போது எப்படி மீறுவது? இதற்கு மேல் என்னைக் கேட்காதே தாயி. நீ வா. வந்து அவள் படத்துக்கு ஒரு பூப்போடு. என்னோடு பேசவும் வேண்டாம்.

இருமல் இருக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

அப்பா

*

கோயம்புத்தூர்,
14 அக்டோபர் 2024

அப்பாவுக்கு,

சத்தியம் செய்தவர்களுக்கு மட்டும்தான் தூக்கம் கெடும் என்று நினைக்கிறீர்களா? பெற்றவளைப் பதினோரு வருடம் குத்திக்காட்டியவள் நான். அது நியாயமா அநியாயமா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

மலருக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "கிருஷ்ணவேணி. கிராம சுகாதார செவிலியர். இருபத்தொன்பது ஆண்டுப் பணி. மாயகிருஷ்ணனின் மனைவி. இரு பிள்ளைகளின் தாய்." அச்சகத்தில் நவம்பர் இருபதுக்குள் கேட்கிறார்கள். உங்களிடமிருந்து வராவிட்டால் இந்த ஐந்து வரிதான் போகும்.

செல்வத்துக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று காலை வயிற்றில் சிவப்பாகப் புள்ளி போட்டிருக்கிறது. அவன் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை. அத்தை உடனே வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். தாளிக்கக் கூடாது, யாரும் வரக் கூடாது, மருந்து மாத்திரை பேச்சே எடுக்கக் கூடாது என்று உத்தரவு. உங்கள் மாப்பிள்ளை வெளியே போகும்போது இந்தக் கடிதத்தைப் போட்டுவிடுவார். தண்ணீர் ஊற்றி முடியும்வரை என்னிடமிருந்து எதுவும் வராது.

பானு

*

கோவில்பட்டி,
17 அக்டோபர் 2024

என் மகள் பானுவுக்கு,

உன் கடிதம் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. வாசலிலேயே பிரித்துப் படித்தேன். வேப்பிலை என்ற இடத்துக்கு மேல் படிக்கவில்லை. பதினான்காம் தேதியே மூன்று நாள் காய்ச்சல் என்றால் இன்றைக்கு ஆறு நாள். செருப்பில்லாமல் விஜி வீட்டுக்கு ஓடினேன். உன் போன் அணைந்திருந்தது. மாப்பிள்ளைக்குப் போடச் சொன்னேன். அவர் எடுத்ததும் நான் பிடுங்கி, "பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. விஜிதான் போனை வாங்கிக் கேட்டாள். என் காதருகே வந்து சொன்னாள்: "மாமா, பதினாலாந் தேதி சாயந்தரமே பானுக்கா ஆஸ்பத்திரில சேத்துட்டாவளாம். டெங்குவாம். குளுக்கோஸ் ஏறுதாம். இன்னும் ரெண்டு நாளு போகணும்னு டாக்டர் சொன்னாவளாம்."

அவர்கள் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ கூட்டிப் போய்விட்டாய். நான் கூட்டிப் போகவில்லை பானு.

இனிமேல் சத்தியம் என்ன சத்தியம். எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் காலையில் அவனுக்கு உடம்பு துடைத்துவிடும்போது உன் அம்மா அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். அவள் முகமே மாறிவிட்டது. கூட்டிப் போகத்தான் புடவை மாற்றினாள். அதற்குள் கிடையிலிருந்து ஆள் வந்து நிற்கிறான். முப்பிடாதிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆம்புலன்ஸ் சேற்றில் புதைந்துவிட்டது. அவள் ஒரு நிமிஷம் நடுவாசலில் நின்றாள். பிறகு சீட்டை எழுதி மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்தாள். "ஒம்பதரை பஸ்ஸ விட்டுராதீங்க. ரத்தம் பாக்கச் சொல்லுங்க. பிரசவம் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருதேன்" என்றாள். நான் இருக்கிற தைரியத்தில்தான் அவள் போனாள்.

சட்டை மாற்ற அவனைத் தூக்கியபோது நானும் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது அம்மை. என் அண்ணன் ஒருவன் சிறுவயதில் அம்மை கண்டு இறந்தவன். அம்மன் உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டதால்தான் போனான் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நர்சுக்குப் புருஷனாகப் பதினேழு வருஷம் இருந்தும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. அவள் எதிரே இருந்தால் ஏசுவாள் என்று அடக்கி வைத்திருந்தேன். அவள் இல்லை. முற்றத்து வேம்பில் ஒரு கொத்து ஒடித்து, சப்சென்டர் போர்டுக்குக் கீழேயே நிலையில் கட்டினேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து அவனைப் படுக்க வைத்தேன். சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அம்மை அல்ல என்று எழுதியிருந்தது தெரிந்திருக்கும்.

பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. அவன் பாயிலிருந்து, "அப்பா, பஸ்சு போவுது" என்றான். "போட்டும்லே, நமக்கு ஆத்தா வந்திருக்கா" என்றேன்.

அந்த வருஷம் பாதி நாள் கரண்ட் கிடையாது. என் போனில் உயிரில்லை. அவள் தாயையும் பிள்ளையையும் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு கட்டிலாக எங்களைத் தேடியிருக்கிறாள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். அதைப் பிய்த்து மடியில் கட்டிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். மறுநாள் விடியும்முன் அவன் போய்விட்டான்.

சீட்டு எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டாயே, என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்து டைரிக்குள் வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு பருத்திக்கு அடிக்கிற மருந்தை நான் கையில் எடுத்தேன். அவள் தட்டிவிட்டாள். என் தலையில் கை வைத்துச் சொன்னாள்: "நர்சு வீட்டு வாசல்லயே வேப்பிலை கட்டிப் பிள்ளைய விட்டாவன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவ காய்ச்சக்காரப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுவா? நான் இத்தன வருசம் போட்ட சத்தமெல்லாம் மண்ணாப் போவும். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். பானுகிட்ட நான் பேசிக்கிடுதேன்." உன்னிடம் என்ன பேசினாள் என்பது உனக்குத் தெரியும். நீ அவளை ஏசினாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் காது மந்தமானது நல்லதாகப் போயிற்று என்றுகூடப் பிற்பாடு நினைத்திருக்கிறேன்.

அவள் என்னை ஒருநாளும் குத்திப் பேசியதில்லை. சோறு போட்டாள், காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்தாள். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் ஒரு வேலை சொன்னதில்லை. ரேஷன் கடைக்கு அவளே போவாள், சிலிண்டரை அவளே உருட்டுவாள். "இத மட்டும் பாத்துக்கிடுங்க" என்ற வார்த்தையைப் பதினோரு வருஷம் அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

இப்போதே கோவை பஸ் ஏற வேண்டும் போலிருக்கிறது. இதைப் படித்த பிறகு நீ வா என்றால் வருகிறேன். பேரன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் விஜி போனுக்குச் சொல்லிவிடு.

மாயகிருஷ்ணன்

*

கோயம்புத்தூர்,
10 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

செல்வம் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மெலிந்துவிட்டான், ஆனால் சண்டை போடுகிறான். விஜிக்குத் தினமும் போனில் சொன்னேன், உங்களிடம் சொல்லியிருப்பாள்.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் படித்தேன். பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் காரணம், எழுதியதையெல்லாம் கிழித்ததுதான். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வெறுக்கவும் வரவில்லை. அம்மா மேல்தான் கோபம் கோபமாக வருகிறது. கடைசித் தீபாவளிக்கு அவள் போன் செய்து, ஒரு நாள் வந்துட்டுப் போ என்றாள். "ஒனக்குத்தான் ஊர்ப்பிள்ளைக இருக்கே, நான் எதுக்கு" என்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்கோ" என்றுதான் சொன்னாள்.

ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பதினான்காம் தேதிக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வத்தின் பக்கத்தில் படுத்தேன். மூன்று நாளாகக் காய்ச்சல், வயிற்றில் சிவப்பாகப் புள்ளி. நான் எழுதியது எங்கோ படித்தது போலிருந்தது. சட்டென்று எழுந்து சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதே வரிகள், அம்மா கையெழுத்தில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அத்தை குறுக்கே நின்றார். வேப்பிலைக்குக் கீழே குனிந்து வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பார்க்கிறேன், சீட்டு என் கையிலேயே இருக்கிறது. இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் சிரமம் என்றார் டாக்டர். ஹரிக்கு எழுதிய சீட்டு பன்னிரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

மலரின் முதல் பக்கத்தில் அந்தச் சீட்டைத்தான் போடப் போகிறேன். அம்மா மறைத்ததற்குக் காரணம் இருந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 2024-ல், கோயம்புத்தூரில், நர்சு பேரனுக்கே வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். இனிமேல் மறைத்தால் அது அவள் வேலைக்கு நாம் செய்கிற கெடுதல். திவசத்தன்று சாப்பாட்டுக்கு முன் நீங்கள் எழுந்து நின்று அந்தச் சீட்டை வாசிக்க வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். உங்களுக்குக் காது கேட்காததால் சத்தமாகத்தான் பேசுவீர்கள். நல்லதுதான், எல்லோருக்கும் கேட்கட்டும்.

சம்மதம் என்றால் எழுதுங்கள். நான் வருகிறேன்.

பானு

*

கோவில்பட்டி,
18 நவம்பர் 2024

அன்பு மகள் பானுவுக்கு அப்பா எழுதுவது.

சம்மதம். நீ நகல் எடுத்து அனுப்பிய சீட்டைத் தினமும் வாசித்துப் பழகுகிறேன். காது மிஷினை மாட்டிக்கொண்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது. "அம்மை அல்ல" வரைக்கும் தடங்கல் இல்லை. கடைசி வரி வரும்போது நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். அன்றைக்கு எப்படியும் முடித்துவிடுவேன்.

அதற்கு முன்னால் ஒருவரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று புளியங்கரிசலுக்குப் போனேன். முப்பிடாதியைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். "எம் மக பொறந்ததுலதான் நர்சம்மா பிள்ள போச்சுன்னு நாங்க இத்தன வருசமா நெனச்சிட்டுக் கெடக்கோம் அண்ணாச்சி. ஒரு வருசங்கூட அவளுக்குப் பொறந்தநாள்னு ஒரு முட்டாய் வாங்கிக் குடுத்ததில்ல" என்றாள். அந்தப் பெண் ஏழாவது படிக்கிறது. உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நம் வீட்டுப் பொய் அந்த வீட்டையும் தின்றிருக்கிறது பானு. தாயும் மகளும் திவசத்துக்கு வருகிறார்கள். நான்தான் கூப்பிட்டேன்.

முப்பதாம் தேதி நீங்கள் வரும் பஸ்ஸுக்கு ஸ்டாண்டுக்கு வருவேன். ஒன்று கேட்க வேண்டும், கேட்கத் தைரியம் இல்லை. ஸ்டாண்டிலிருந்து வீடு வரை பேரனை நான் தூக்கிக்கொண்டு வரலாமா? உனக்கு மனசில்லை என்றால் வேண்டாம். நான் பையைத் தூக்கிக்கொள்கிறேன்.

அப்பா

*

கோயம்புத்தூர்,
24 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் இருமல் போய்விட்டதா?

மலர் அச்சாகிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை அத்தையைக் கூட்டிக்கொண்டு ஒன்றாம் தேதி காலையில் வருகிறார். அத்தையே வருகிறேன் என்றார். முப்பதாம் தேதி நானும் செல்வமும் மட்டும்தான். மதியம் இரண்டு மணிக்கு வந்து சேரும் பஸ். பையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். இவன் பஸ்ஸில் தூங்கிவிடுவான், எழுப்பினால் அழுவான். இவனை மட்டும் பார்த்துக்கிடுங்க.

மிஷினை மாட்டிக்கொண்டு வாருங்கள். காய்ச்சலுக்குப் பிறகு இவன் மெதுவாகத்தான் பேசுகிறான்.

அன்பு மகள்,
பானு